ஹாலிஎலயில் நிற்கும் மாடுகள்

"மாடு நின்னுச்சா, நீ நிறுத்துனியா? அத முதல்ல சொல்லு!"

பதுளை வண்டிப்பேட்டையில் மேசைக்குப் பின்னாலிருந்து கேட்டார் கணக்கப்பிள்ளை சுந்தரலிங்கம். எந்தத் தோட்டத்துத் தேயிலை எந்த வண்டியில், எந்த வண்டிக்கு எந்த மாடு என்று முடிவு செய்கிறவர் அவர்தான். அந்த நாற்காலிக்கு வந்து நாலைந்து மாதந்தான் ஆகிறது. ஆனால் பிறந்ததே நாற்காலியில்தான் என்பதுபோல் உட்கார்ந்திருப்பார். பேட்டையில் கடவுளுக்கு அடுத்தபடி அவர். கடவுளாவது கேள்வி கேட்கமாட்டார்.

"அதுவாத்தாங்க நின்னுச்சு, ஐயா" என்றான் தம்பையா. அவன் வண்டியோட்ட வந்து ஒரு மாதங்கூட ஆகவில்லை.

"எங்க?"

"அதே இடத்துலதாங்க. ஹாலிஎல பாலத்தத் தாண்டி, பலாமரத்து வீட்டு வாசல்ல. வால முறுக்கிப் பாத்தேன், கெஞ்சிப் பாத்தேன், கும்பிட்டும் பாத்தேன்."

"மாட்டையா?"

"மாட்டத்தாங்க. அந்த நேரத்துல அதுங்கதான பெரிய ஆளு."

அவன் சொன்னதில் பொய்யில்லை. பண்டாரவளை ரயிலடிக்குப் போகிற வழியில் அந்த வீட்டைக் கண்டால் போதும், செவலையும் மயிலையும் விருந்துக்கு வந்த மாப்பிள்ளைகள் மாதிரி நின்றுவிடும். வீட்டுக்கார அம்மாள் ஒரு வாளியில் பிண்ணாக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். குடித்து, அசைபோட்டு, பெருமூச்சும் விட்ட பிறகுதான் பயணம். சில நாள் அதற்குள் பண்டாரவளையில் சரக்கு ரயில் ஊதிவிட்டுப் போயிருக்கும்.

"ரெண்டு தடவ ரயில விட்டுட்ட. தோட்டத்துத் துரை கத்துறாரு. இன்னொருக்கா பிந்துனா வண்டிய வேற ஆளுக்குக் குடுன்னு முதலாளி சொல்லிட்டாரு, தெரியுமா?"

பூனாகலைத் தோட்டத்துக் கங்காணியிடம், "இனிமே காலையில பெரட்டுல நிக்க வச்சுப் பேர் கூப்புட வேற ஆளப் பாரும்" என்று மீசையை முறுக்கிவிட்டு வந்தவன் தம்பையா. இப்போது திரும்பிப் போனால் மீசை மட்டுந்தான் மிஞ்சும். வேலை கிடையாது, லயத்தில் குடியிருக்கக் காம்பராவும் கிடையாது. பெண்டாட்டி பூவம்மாவை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"ஐயா, வேற ஜோடி ஒண்ணு குடுத்தீங்கன்னா..."

"முடியாது. புது ஆளுக்கு அந்த ஜோடிதான்."

இவனுக்கு முன்னால் வந்த இரண்டு புது ஆட்களுக்கும் அந்த ஜோடிதான். அவர்கள் மாட்டுக்குப் பயந்து ஓடவில்லை, கணக்கப்பிள்ளையின் கேள்விகளுக்குப் பயந்துதான் ஓடினார்கள் என்று பழைய வண்டிக்காரர் ஹாஷிம் நானா சொல்லியிருந்தார். "மாட்ட மேய்ச்சிரலாம் தம்பி, அந்த மனுசன் வாய மேய்க்க ஏலாது."

இப்போதும் கேள்விகள் ஆரம்பித்தன.

"வீட்டுலேருந்து யாரு வந்தா?"

"அந்த அக்காதாங்க."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலீங்க. என் மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டு உள்ள போயிட்டாங்க."

"எப்படிப் பாத்தா?"

வண்டி பிந்தியதற்கும் அவள் பார்த்த விதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தம்பையாவுக்கு விளங்கவில்லை. படித்தவர்கள் விசாரணை இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டான்.

"மீன் வாங்கப் போயி கருவாட்டப் பாத்த மாதிரி பாத்தாங்கய்யா."

கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை. "வீட்டுல வேற யாரும் இருந்த மாதிரி தெரிஞ்சுதா?"

"தனியாத்தான் இருக்காங்கபோல. இந்தத் தடவ ரொம்ப இருமிக்கிட்டே வந்தாங்க. வாளியத் தூக்க முடியல. நாந்தான் வாங்கி வச்சேன்."

சுந்தரலிங்கம் பேனாவைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு நானும் வண்டியில வர்றேன். மாடு நிக்குதா, நீ நிறுத்துறியான்னு என் கண்ணால பாக்கணும்."

மறுநாள் விடிந்ததும் கோட்டு, தலைப்பாகை, குடை சகிதம் தேயிலைப் பெட்டிகளின் மேல் ஏறி உட்கார்ந்தார். மாட்டு வாடையே ஆகாதவர்போல மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார். வண்டி கிளம்பியது.

மாடு நின்றால் ரயில் போய்விடும். நிற்காவிட்டால் தம்பையா பொய்யன். மாடுகளிடம் எதை வேண்டிக்கொள்வது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

ஹாலிஎல பாலம் தாண்டியது. பலாமரம் தெரிந்தது. மாடுகள் நின்றன.

"பாத்தீங்களாய்யா! கயித்தக்கூடத் தொடல!" என்று திரும்பினான்.

பெட்டிகளின் மேல் குடை மட்டுந்தான் இருந்தது. கணக்கப்பிள்ளை பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தார்.

"நான் இங்க இல்ல" என்றது சாக்கு.

இருமிக்கொண்டே அந்த அம்மாள் வாளியோடு வந்தாள். தம்பையா குதித்திறங்கி வாளியை வாங்கினான்.

"அக்கா, என் பொழப்பு போகப்போவுது. கணக்கப்பிள்ளை ஐயா ஒளிஞ்சிருந்து பாக்குறாரு. மாட்ட நான் நிறுத்தலன்னு நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்கக்கா!"

அவள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். சாக்குக்கு வெளியே இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றையே சற்று நேரம் பார்த்தாள்.

"நீ நிறுத்தலன்னு அவருக்கு நல்லாத் தெரியும் தம்பி. ஆறு வருசமா இதே வண்டிய ஓட்டிக்கிட்டு வந்து, தெனமும் இந்த வாசல்ல நிறுத்தினதே அவருதான்" என்றவள், சாக்கைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்:

"இறங்குங்க! உத்தியோகம் கெடச்ச நாள்லேருந்து மாடு மட்டுந்தான் ஒழுங்கா வீட்டுக்கு வருது!"