இரைக்கு வெட்டிய மரம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு பைன் காட்டைக் காட்டுகிறேன். குளிரே வராமல் போன குளிர்காலத்துக்குப் பிறகு, மழை பொய்த்த கோடையின் காலைவேளை. காட்டைக் காக்கிறவள் மண்டியிட்டிருக்கிறாள்; எதிரே வண்டுகளுக்கு இரையாக அவளே வெட்டிப்போட்ட நல்ல மரம். பட்டை துளைக்கும் வண்டுகள் வெட்டுமரத்தின் வாசத்துக்கு வந்து முட்டையிடும். குஞ்சுகளுக்குச் சிறகு முளைப்பதற்குள் பட்டையை உரித்து எரித்துவிட்டால் நிற்கிற காடு தப்பிக்கும். ஆண்டுதோறும் இந்த வாரத்தில்தான் உரிப்பாள். "இன்னும் தூங்கிட்டிருக்கும்க்கா. எழுப்பி காப்பி குடுத்துட்டுக் கொளுத்துவோமா?" ரம்பத்தை ஊன்றியபடி சிரிக்கிறான் தம்பி. "வாயை மூடிக்கிட்டு அந்த முனையைப் பிடிடா." பட்டை சட்டைபோலக் கழன்று வருகிறது. உள்ளே புழு ஒன்றுகூட இல்லை. வளைந்து வளைந்து போன தடங்களும் பொடியும்தான். அவள் பட்டையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறாள். சல்லடை ஓட்டைகள் வழியே வெளிச்சம் அவள் முகத்தில் புள்ளி புள்ளியாக விழுகிறது. "அம்மை போட்ட மாதிரி இருக்கேக்கா" என்று தொடங்கியவன் சிரிப்பை விழுங்குகிறான். "சூட்டுல முன்னாடியே வளர்ந்து பறந்துடுச்சுடா. நானே தொட்டில் கட்டிக் குடுத்திருக்கேன்."

நிற்கும் மரங்களின் அடியெல்லாம் வண்டு துளைத்துத் தள்ளிய செம்பழுப்புத் தூள். மழை பெய்த வருஷங்களில் பிசின் பொங்கிவந்து வண்டை மூழ்கடிக்கும். இப்போது அவள் விரல் தடவும் ஓட்டையில் ஒரு சொட்டு ஈரமில்லை. உள்ளே அரிசி கொறிப்பதுபோல, நிதானமாக, மெல்லுகிற ஓசை. வண்டு ஏறிய மரத்தை வெட்டியாக வேண்டும். "எதுலேருந்துக்கா ஆரம்பிக்கட்டும்?" அவள் கை உயர்கிறது, எந்த மரத்திலும் நிற்காமல் காடு முழுவதையும் காட்டிவிட்டு விழுகிறது.

உங்கள் வீட்டு உத்திரம் உளுத்துப்போகாமல் இருக்கட்டும், கண்ணுகளா. அதன் கீழே எல்லோரும் நன்றாகத் தூங்குங்கள்.