காந்தாரிக்கு வந்த விருந்தாளி

மொட்டைமாடியில் பழைய பெயிண்ட் வாளி ஒன்றில் காந்தாரி மிளகாய்ச் செடி வளர்ந்தது. அதன் காய் விரல்நகம் அளவுதான். பக்கத்துத் தொட்டியில் பஜ்ஜி மிளகாய் சாண் நீளக் காய்களோடு நின்றது.

ஒருநாள் அணில் வந்தது. பஜ்ஜி மிளகாயில் பாதியைக் கொறித்துப் போட்டுவிட்டுக் காந்தாரிப் பக்கம் திரும்பியது.

"வா, தாராளமாகச் சாப்பிடு" என்றது காந்தாரி.

ஒரே கடிதான். அணில் வாயைத் தரையில் தேய்த்தபடி ஓடியே போனது.

மறுநாள் கொண்டைக்குருவி ஒன்று வந்தது. காந்தாரிப் பழங்களை ஒவ்வொன்றாக விழுங்கியது. அதற்கு உறைக்கவே இல்லை.

"ஐயோ, உன் காரம் எங்கேடி போச்சு? மொத்தத்தையும் தின்கிறாளே, விரட்டு!" என்று பதறியது பஜ்ஜி மிளகாய்.

"அணில் விதையைக் கடித்து மென்றுவிடும் அக்கா. இவள் மெல்ல மாட்டாள். வயிறு நிறையச் சாப்பிடட்டும்."

குருவி பறந்தபோது செடியில் ஒரு பழம்கூட மிச்சமில்லை.

"இப்படி மொட்டையாக நிற்கிறாயே!" என்று பஜ்ஜி மிளகாய் வருந்தியது. காந்தாரி சிரித்துக்கொண்டது.

மழை பெய்து ஒரு மாதம் ஆனது. எதிர்வீட்டுச் சுவர் இடுக்கில் இரண்டு காந்தாரிக் கன்றுகள் தலைகாட்டின. அதற்கடுத்த வாரம் கோயில் மதிலில் மூன்று. காந்தாரி அவற்றை ஆசைதீரப் பார்த்துவிட்டு, அடுத்த பூவை விரித்தது.