ஆணியைக்கூடத் தொடாதவர்

"ஏன் தம்பி, உங்களுக்கே இது நல்லா இருக்கா?"

எதிர்வீட்டம்மா வாசலிலேயே நின்று கேட்டாள். சமையலறையில் பெண்டாட்டி ஒரு பலகையை முழங்காலால் அழுத்திக்கொண்டு ரம்பம் இழுக்கிறாள். மூக்கு, புருவம் எல்லாம் மரத்தூள். புருஷன் என்னடாவென்றால் நாற்காலியில் உட்கார்ந்து டீயை ஊதி ஊதிக் குடிக்கிறான்.

"அது அவ வேலைம்மா. நான் குறுக்கே போகக்கூடாதுன்னு உத்தரவு."

"நல்ல உத்தரவு! உங்களுக்குத் தோதான உத்தரவு!"

அந்தத் தெருவுக்குக் குடிவந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதிலும் இந்த வாரம் முழுக்க அவன் வீட்டோடுதான் கிடக்கிறான். எதிர்வீட்டம்மா அவனை எடைபோட்டு ஓரமாக வைத்துவிட்டாள்.

"உனக்கு ஏம்மா இந்தக் கஷ்டம்? கடையில விக்காத அலமாரியா?"

அவள் ரம்பத்தை நிறுத்தினாள். "ஞாயித்துக்கிழமை எங்க அக்கா வருதும்மா. எனக்கு ஆறு வயசுல இருந்து ஒரே பாட்டு. 'இவ கை பட்டா எதுவும் உருப்படாது'ன்னு. நாலு பேர் முன்னாடி சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். இந்த ஒரு அலமாரியை முழுக்க என் கையால செஞ்சு சுவத்துல மாட்டிக் காட்டணும்."

"அப்படிச் சொல்லு!" என்று எதிர்வீட்டம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் ஆஜர்.

மறுநாள் பெண்டாட்டி குறுக்குப் பலகைக்கு அளவு எடுத்தாள். அலமாரிப் பெட்டியின் வெளிப்பக்கம் டேப்பை வைத்து அளந்தாள். புருஷன் வாயைத் திறந்தான். மூடினான். சட்டென்று எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டான்.

"பாத்தியா, எங்கே பிடிச்சுக்கச் சொல்லிடுவியோன்னு ஓடுறாரு!"

அறுத்த பலகை பெட்டிக்குள் நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். ஊஹூம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"அக்கா சொன்னது சரிதானோ என்னவோ."

"சும்மா இரு. மறுபடி அளந்து பாரு."

பலகையைப் பெட்டியின் மேல் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று தொடையில் ஒரு அடி. "அட மக்கே! ரெண்டு பக்கத்துப் பலகையோட கனத்தை விட்டுட்டேன்!"

கனத்தைக் கழித்து மறுபடி அறுத்தாள். இந்தத் தடவை பலகை சிணுங்காமல் போய் உட்கார்ந்தது. கொல்லையிலிருந்து வந்தவன் அதைக் கண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். சிரிப்பதற்கு மட்டும் குறைச்சலில்லை என்று எதிர்வீட்டம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை மாட்டும் நாள். சுவரில் முதல் துளை கோணலாகப் போனது. அதைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டுப் பக்கத்தில் வேறு போட்டாள். பெட்டியைத் தூக்கும்போது புருஷன் பதறி எழுந்தான்.

"கிட்ட வராதீங்க! நீங்க விரலை வெச்சாலும் போச்சு, எல்லாம் உங்க பேருக்குப் போயிடும். வாசலுக்குப் போங்க."

அவனும் போய்விட்டான்! எதிர்வீட்டம்மாதான் மேஜையில் ஏறித் தோள் கொடுத்தாள். இவள் ஸ்க்ரூவை முறுக்கினாள். கடைசியில் கோணல் இருக்கிறதா என்று பார்க்க மேலே ரசமட்டத்தை வைத்தாள். உள்ளே இருந்த குமிழ் அங்கே இங்கே ஆடிவிட்டு நட்டநடுவில் நின்றது.

"நின்னுடுச்சும்மா!" என்று எதிர்வீட்டம்மாவைக் கட்டிக்கொண்டாள். மேஜை ஆடியது, அலமாரி ஆடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, நேரே சமையலறைக்குப் போனாள். அலமாரியின் கதவைத் திறந்து மூடினாள். மூலைகளை நகத்தால் தடவினாள். இரும்புச் சட்டி, எண்ணெய் டின், மாவு டப்பா எல்லாவற்றையும் ஏற்றினாள். அதுவும் போதாமல் பெட்டியைப் பிடித்துத் தொங்கியே பார்த்தாள். அது அசைந்து கொடுக்கவில்லை.

"அருமையா இருக்கு. ஆனா யார்கிட்டடி கதை விடறே? இது உன் வீட்டுக்காரர் செஞ்சது."

"இல்லக்கா, நான்தான். முழுக்க நான்தான்."

"போடி. உன் கையைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

தங்கச்சி முகம் சுருங்கிப்போனது. புருஷன் தலையைச் சொறிந்தான். எதிர்வீட்டம்மாவால் பொறுக்க முடியவில்லை.

"இவரா? நல்லா சொன்னே போ! அஞ்சு நாளா நான் இங்கேயேதான் இருக்கேன். இந்த மனுஷன் ஒரு ஆணியைக்கூடத் தொடல! டீ குடிச்சாரு, கொல்லைக்குப் போனாரு, வந்தாரு, சிரிச்சாரு. தப்பா அறுத்ததும் இவதான், திருத்தினதும் இவதான், மாட்டினதும் இவதான். எங்கே வேணும்னாலும் வந்து சொல்றேன்!"

அக்கா மறுபடி அலமாரியைப் பார்த்தாள். தங்கச்சியின் கையைப் பிடித்து விரித்தாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"அப்போ நிஜமாவே நீயாடி?"

"நானேதான்க்கா."

"என் வாயில அடி." அக்கா தன் வாயிலேயே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள். "எங்க வீட்டுக்கும் ஒண்ணு செஞ்சு குடுடி. நாலு பேரைக் கூப்பிட்டு, என் தங்கச்சி செஞ்சதுன்னு காட்டணும்."

எதிர்வீட்டம்மா சும்மா இருப்பாளா? "இவ்வளவு கெட்டிக்காரிக்கு வாய்ச்ச புருஷனைப் பாரு, ஒரு கை கொடுக்கத் துப்பில்ல."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கம்மா!" என்றாள் அக்கா. "இவர் இருபது வருஷமாத் தச்சு வேலை பாக்கறவர். எங்க வீட்டுக் கதவு, ஜன்னல், கட்டில் எல்லாம் இவர் கையால செஞ்சது. இவர் தொடலைன்னு நீங்க இப்படித் திட்டலைன்னா, இவ தலைகீழா நின்னு சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்!"