சாப்பாட்டு அறையில் ஒரு விசாரணை

பெஞ்சில் இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அடி வாங்கியவளும், அடித்தவனும்.

எதிரே நின்றவளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

தர்ஷினி குற்றவியல் முதுகலை மாணவி. வீட்டுக்குள் பெண்கள் அடிபடும் புகார்களைப் போலீஸ் எப்படி விசாரிக்கிறது, அதில் எதை மாற்றலாம் என்று பார்த்துவரச் சொல்லி, இந்த மகளிர் காவல் நிலையத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள்.

வந்த நாளிலிருந்து அவள் பார்த்தது ஒன்றைத்தான்.

இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்பார். மனைவி பக்கத்திலிருப்பவன் முகத்தைப் பார்ப்பாள். பிறகுதான் பதில் வரும்.

பெஞ்சிலிருந்த பாண்டீஸ்வரியும் அப்படித்தான் புருஷன் முகத்தைப் பார்த்தாள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

“சின்னச் சண்டைதான் மேடம். சமாதானமாப் போயிர்றோம்.”

போன தடவையும் இதையேதான் சொன்னாளாம்.

இன்ஸ்பெக்டர் ஜெசிந்தா பேனாவைத் திறந்தார். தர்ஷினி அவர் காதருகே குனிந்தாள்.

“மேடம், அந்த அக்காவ மட்டும் தனியா வச்சுக் கேக்கலாமா?”

“தனியாவா? எடம் எங்கம்மா இருக்கு?”

“நாம சாப்பிடுற ரூம் இருக்குல்ல மேடம்.”

ஜெசிந்தா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஒன் படிப்புக்கு என் சாப்பாட்டு ரூம்தான் கெடச்சுச்சா?”

ஆனால் எழுந்துவிட்டார்.

அறையில் புளிக்குழம்பு வாசனை. தர்ஷினி டிபன் பாக்ஸ்களை ஜன்னலில் ஏற்றிவைத்து நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். கதவைச் சாத்தினாள்.

“மொதல்லருந்து சொல்லு” என்றார் ஜெசிந்தா.

பாண்டீஸ்வரி வழக்கம்போலப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள்.

சுவர்தான் இருந்தது.

“எந்த மொதல்லருந்து மேடம்?”

யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

“எனக்கு மொபெட் நல்லா ஓட்ட வரும் மேடம். கல்யாணம் ஆன புதுசுல பூ மார்க்கெட்டுக்கு அவரு ஒரு வண்டி, நான் ஒரு வண்டின்னு போவோம். ஒருநா மேலூர் ரோட்டுல அவர முந்திட்டேன்.”

“சரி.”

“ஹாரன் வேற அடிச்சிட்டேன்.”

முதலில் சிரித்தது ஜெசிந்தாதான். அடக்கப் பார்த்தார், நடக்கவில்லை. தர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டாள். பாண்டீஸ்வரியும் வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

கதவு திறந்தது. அவன் தலை மட்டும் உள்ளே வந்தது.

“என்ன மேடம், சமாதானம் ஆயிட்டாளா?”

“வெளிய போய் உக்காருங்க” என்றார் ஜெசிந்தா. “நாங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.”

எழுந்துபோய் அவரே தாழ்ப்பாள் போட்டார்.

“அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் விழுந்துச்சு மேடம்” என்றாள் பாண்டீஸ்வரி. “அதுதான் மொத அடி.”

அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. சில இடங்களில் அழுதாள். சில இடங்களில் அவளே சிரித்தாள். ஜெசிந்தா குனிந்த தலை நிமிராமல் எழுதினார். இந்தத் தடவை எழுதியது சமாதானம் அல்ல, புகார்.

காயத்தைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பாண்டீஸ்வரியின் அக்காவுக்குப் போன் போட்டு அங்கே வரச் சொல்லியிருந்தார்கள். பின்வாசலில் ஆட்டோ நின்றது.

தர்ஷினி வாசல்வரை கூடவே வந்தாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அன்னிக்கு முந்துனீங்களே, எவ்ளோ தூரம் போனீங்க?”

“எங்க போனேன்? அடுத்த வளைவுலயே வண்டிய நிறுத்திட்டுத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு நின்னேன், அவரக் காணோமேன்னு.”

ஆட்டோ கிளம்பியது. அது தெருமுனை திரும்பும் வரைக்கும் தர்ஷினி பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஆட்டோவிலிருந்து ஒரு தலையும் வெளியே நீளவில்லை.