சரியான தப்பு

"விடைக்குறிப்பை முன்கூட்டியே யார் கொடுத்தாங்க டீச்சர்?"

ஆசிரியர் தகுதித் தேர்வு அதிகாரியின் பார்வை அவளைத் துளைத்தது.

"யாரும் தரல சார்."

"கதை விடாதீங்க. 'பகலில் நிலா தெரியுமா?'ங்கிற கேள்விக்குக் குறிப்புல 'தெரியாது'ன்னு தப்பா இருக்கு. நல்லாப் படிச்சவங்க எல்லாரும் 'தெரியும்'னு எழுதியிருக்காங்க. பதினஞ்சு வருஷமா அறிவியல் எடுக்கிற நீங்க மட்டும் எப்படி 'தெரியாது'ன்னு எழுதினீங்க?"

அவள் தயங்கினாள்.

"போன வருஷமும் இதே கேள்வி வந்துச்சு சார். 'தெரியும்'னு எழுதி ஒரு மார்க்குல ஃபெயிலானேன். குறிப்பு தப்புன்னு மனு போட்டும் யாரும் கண்டுக்கல. இந்தத் தடவையும் போச்சுன்னா வேலையே போயிடும்."

அதிகாரி விசாரணைக் கோப்பை மூடினார்.

"சரி, பிள்ளைங்களுக்கு என்னன்னு சொல்லித் தர்றீங்க?"

"சொல்றதில்ல சார். வெளியே கூட்டிட்டுப் போய்க் காட்டிடுவேன்."