அப்பாவுக்கு ஒரு லைசென்ஸ்

"இந்த வயசுல எனக்கு எதுக்குடா ட்ரோன் லைசென்ஸ்? நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?"

"யாருப்பா சிரிக்கப் போறா? காலமெல்லாம் துணியில வரைஞ்ச மலையை வச்சுத்தானே படம் எடுத்தீங்க. நிஜ மலையை மேலேருந்து எடுத்துப் பார்க்க வேண்டாமா?"

ஸ்டூடியோக்காரர் மகனை நிமிர்ந்து பார்த்தார். ட்ரோனில் கல்யாணமும் விளம்பரமும் எடுத்து நாலு காசு பார்க்கிற மகன், அவர் ஸ்டூடியோவை இழுத்து மூடிய அன்றுகூட எட்டிப் பார்க்காதவன், பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறான்.

பயிற்சிப் பள்ளியில் அவனே கொண்டுபோய்ச் சேர்த்தான். சாப்பிடும்போதுகூட விடாமல் கேள்வி கேட்டான்.

"விமான நிலையம் பக்கத்துல இருந்தா?"

"அனுமதி இல்லாம மேலே கிளப்பக் கூடாது."

"கீழே கூட்டம் இருந்தா?"

"தலைக்கு மேல கொண்டு போகவே கூடாது. கேட்டதையே கேட்காதடா."

"காரியம் இல்லாம குழைய மாட்டான் உங்க பிள்ளை," என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

"பெத்த பிள்ளையைப் பத்திப் பேசற பேச்சா இது?" என்று எரிந்து விழுந்தார் அவர்.

முதல் தேர்வில் காற்று தள்ளிக்கொண்டு போய், ட்ரோனைக் கோட்டுக்கு வெளியே இறக்கினார். மகன் கோபிக்கவே இல்லை. மறுபடி பணம் கட்டி அழைத்துப் போனான். தேறிய அன்று புது ட்ரோன் ஒன்றை அவர் மடியில் வைத்தான்.

"உங்க பேர்லயே பதிவு பண்ணிட்டேன்ப்பா."

அடுத்த வாரம் ஆற்றங்கரையில் நின்று அதைப் பறக்க விட்டார். கையிலிருந்த சின்னத் திரையில் ஆறு வளைந்து போயிற்று. மேகத்தின் நிழல் சரிவில் மெல்ல ஊர்ந்தது. மலைக்கு முதுகும் உண்டு என்று அன்றுதான் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு படம் எடுத்தார். அந்தப் படத்தைப் பெரிதாக்கி முன்னறையில் மாட்டினான் மகன்.

அந்தப் படத்துக்குக் கீழேதான் இப்போது விமானப் போக்குவரத்துத் துறை அதிகாரி உட்கார்ந்திருந்தார்.

"சனிக்கிழமை சந்தையில ஒரு ட்ரோன் கூட்டத்துக்குள்ள விழுந்துடுச்சு. ஒரு பொண்ணுக்குக் கண்ணு போச்சு. நம்பரை வச்சுத் தேடினோம். உங்க பேர்ல இருக்கு."

சனிக்கிழமை ஸ்டூடியோக்காரர் முதுகு வலியோடு படுத்துக் கிடந்தார். 'சும்மா ஓட்டிப் பார்த்துட்டு வரேன்ப்பா' என்று ட்ரோனை எடுத்துக்கொண்டு போனவன் மகன். ஐயோ, பிள்ளை வசமாக மாட்டிக்கொண்டானே. எதைச் சொன்னால் அவன் தப்புவான் என்று யோசித்தார்.

உள்ளேயிருந்து மகன் வந்தான். அப்பாவின் தோளில் ஆதரவாகக் கை வைத்தான்.

"இந்த வீட்டுல ட்ரோன் தொழில் பண்றது நீங்கதானாமே? அன்னைக்குப் பறக்க விட்டது நீங்களா?" என்று அவனிடம் கேட்டார் அதிகாரி.

"நான் எப்படி சார் பறக்க விட முடியும்?" என்றான் மகன், குரல் பிசிறாமல். "என் லைசென்ஸைத்தான் போன வருஷமே உங்க ஆபீஸ்ல ரத்து பண்ணிட்டாங்களே. அதுக்கப்புறம் எல்லாமே அப்பாதான்."