தெய்வாத்தாளின் பலவீனம்

தெய்வாத்தாளுக்குக் கையில் பலமில்லை என்று சுந்தரராஜுலு கண்டுபிடித்திருந்தார்.

சும்மா கண்டுபிடிக்கவில்லை. இரண்டு கிராஃப் தாள், மூன்று கலர் பென்சில், முழுசாக ஒரு வாரம் செலவாகியிருந்தது.

அவர் மில்லின் டைம் ஸ்டடி ஆபீசர். எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்று ஸ்டாப் வாட்சில் அளந்து சொல்வார். அதை வைத்துத்தான் எந்த வேலைக்கு எத்தனை ஆள் என்று மேலே முடிவு செய்வார்கள். அவர் வாட்சோடு உள்ளே நுழைந்தால் தொழிலாளர்கள் எல்லோரும் ஒரு நிதானத்துக்கு வந்துவிடுவார்கள். பதினேழு வருடமாக அதைத் தமக்குக் கொடுக்கும் மரியாதை என்றே அவர் நினைத்து வந்தார்.

இப்போது அவருக்கு இன்னொரு பொறுப்பும் சேர்ந்திருந்தது. கோயமுத்தூர் வட்டாரத்து மில்களுக்குள் வருடா வருடம் ஒரு பந்தயம். மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும். வந்ததும் நூல் சுற்றிய பாபின்கள் நிறைந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறுபது கஜம் போய்த் திரும்ப வேண்டும். மறுபடி ஓட்டம், மறுபடி பெட்டி. இப்படி எட்டுத் தடவை. ஷிஃப்டில் செய்கிற வேலையையே ஞாயிற்றுக்கிழமை வெயிலில் சும்மா செய்தால் அதற்கு உடற்தகுதிப் போட்டி என்று பெயர்.

மில்லில் பாபின் பெட்டி தூக்கும் எட்டுப் பெண்களில் தெய்வாத்தாள் ஒருத்தி. போன வருடம் நாற்பது வினாடி பிந்தி இரண்டாவதாக வந்தாள். கோப்பை பல்லடத்து மில்லுக்குப் போய்விட்டது.

இந்த வருடம் கோப்பை வந்தால் சுந்தரராஜுலுவுக்கு மேனேஜர் அறைக்குப் பக்கத்து அறை என்று பேச்சு. அவருடைய மேஜை இப்போது மாடிப்படிக்கு அடியில், கழிவுப்பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் கிடந்தது. அந்த அறைக்கு ஜன்னல் உண்டு. பதினேழு வருடமாகப் பஞ்சுத் தூசியில் இருமுகிறவருக்கு ஜன்னல் என்பது சின்ன விஷயமில்லை.

காலை ஷிஃப்ட் விட்டதும் அவளை வரச்சொல்லி, மேஜைமேல் கிராஃப் தாளை விரித்தார்.

பச்சைக் கோடு ஓட்டம். போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் அவர் எடுத்த நேரம் அது. முதல் சுற்றில் பிரமாதம், பிறகு களைக்கக் களைக்க வேகம் குறைந்துகொண்டே வந்தது. மனுஷ உடம்பென்றால் அப்படித்தான்.

சிவப்புக் கோடு பெட்டி. முதல் தடவை ஒரு நிமிடம் முப்பது வினாடி. எட்டாவது தடவையும் ஒரு நிமிடம் முப்பது வினாடி. நடுவிலும் அதேதான். ஸ்கேல் வைத்தே போட்டுவிடலாம், அப்படி ஒரு நேர்கோடு. ஓட்டத்தில் களைக்கிற உடம்பு பெட்டியைத் தூக்கினால் மட்டும் களைக்காமல் இருப்பது எப்படி என்று அவர் யோசித்திருக்கலாம். அவர் முட்டையைப் பற்றி யோசித்தார்.

தினம் இரண்டு முட்டை. விடிந்ததும் மணல் வாளி தூக்கிப் பழக வேண்டும். காந்திபுரத்தில் நல்ல கேன்வாஸ் ஷூ ஒன்று பார்த்து வாங்க வேண்டும். ஒவ்வொன்றாக வாசித்தார், ஒவ்வொன்றுக்கும் அவள் சரிங்க என்றாள். பதினோரு வருடமாகப் பெட்டி தூக்குகிறவளுக்குப் பெட்டியை எப்படிப் பிடிப்பது என்று வெறுங்கையால் பிடித்துக் காட்டினார். அதற்கும் சரிங்க.

கையில் உனக்குப் பலமில்லைம்மா, அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று கடைசியாகச் சொன்னார். அதற்கு மட்டும் அவள் சரிங்க சொல்லவில்லை. சுருக்கென்று தைத்துவிட்டது. மேஜைமேல் இருந்த ஸ்டாப் வாட்சையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏனுங் சார், இந்தக் கடியாரம் இப்ப ஓடுதுங்களா?"

ஓடவில்லை என்று எடுத்துக் காட்டினார். முள் அசையாமல் நின்றது.

அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள். படியோரம் இருந்த நிறைபெட்டியைத் தூக்கினாள். அங்கிருந்து கோன் வைண்டிங் பிரிவின் வாசல் அறுபது கஜம். போனாள், பெட்டியோடு திரும்பி வந்தாள், இருந்த இடத்திலேயே இறக்கி வைத்தாள். பெரிதாக மூச்சுக்கூட வாங்கவில்லை.

சுந்தரராஜுலு சத்தியமாக வாட்சைத் தொடவில்லை. ஆனால் பதினேழு வருடம் எண்ணிப் பழகிய மனசு தானாகவே எண்ணிவிட்டது. ஐம்பத்தாறு வினாடி.

எட்டுத் தடவைக்குச் சேர்த்துப் பார்த்தால் நாலரை நிமிடம் மிச்சம். பல்லடத்துக்காரி பாதி மைதானத்தில் இருக்கும்போதே இவள் கோப்பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். அவருக்கு ஜன்னல் திறந்து காற்றே வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அந்த ஒரு நிமிடம் முப்பதை எங்கேயோ பார்த்த ஞாபகம் வந்தது. எங்கேயோ என்ன, அவர் கையெழுத்தில்தான். ஏழு வருடத்துக்கு முன்னால் வாட்சோடு இந்தப் பெண்கள் பக்கத்தில் போய் நின்று, பாபின் பெட்டி கொண்டுபோக ஆகும் நேரம் என்று அவரே ஃபைலில் எழுதியது. அந்தக் கணக்கில்தான் எட்டுப் பேர். ஐம்பத்தாறு வினாடி போதுமென்றால் ஐந்து பேர் போதும். மூன்று பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பந்தயத்தன்று மேனேஜர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

எட்டுப் பேரும் சேர்ந்து இத்தனை வருடம் தம்மை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வெட்கம்தான் வந்தது.

ரோஷத்தில் என்ன செய்துவிட்டோம் என்பது தெய்வாத்தாளுக்கும் அப்போதுதான் உறைத்தது. முகம் வெளிறிப்போய், மனசுக்குள்ளே எண்ணவில்லையே என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இல்லீங்க அம்மணி."

இத்தனை வருடத்தில் அவளிடம் அவர் ங்க போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

கிராஃப் தாளில் எட்டுக் கட்டத்துக்குப் பிறகு ஒன்று காலியாக இருந்தது. அதில் ஒரு நிமிடம் முப்பது என்று நிரப்பினார். கீழே, மேனேஜர் பார்க்கும் இடத்தில், சிவப்புப் பென்சிலால் நிறுத்தி நிதானமாக எழுதினார்:

'கையில் பலமில்லை. எத்தனை முட்டை கொடுத்தாலும் தேறாது.'